நடமாட்டம்

ஜெலுத்தோங்கில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, இறந்துபோன எண்பது வயதுப் பெண் ஒருத்தியின் ஜனாஸாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோதுதான் சலேஹாவுக்குக் கால் போனது.

வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு நான்கு பக்கமும் பத்தேக் துணி கட்டி மறைத்திருந்தார்கள். தலைமாட்டில் சலேஹா, கால்மாட்டில் நோர்மா. இருவரும் பதினேழு வருஷமாக அந்த வட்டாரத்துப் பெண் மையித்துகளைச் சேர்ந்தே குளிப்பாட்டி வருகிறவர்கள். நோர்மா மூத்தவள், அறுபத்திரண்டு. சலேஹாவுக்கு ஐம்பத்து மூன்று; நோர்மாவை லாத்தா, அக்கா என்று கூப்பிடுவாள். கூலிக்குச் செய்வதில்லை. கூப்பிட்டால் போவார்கள். சோப்புத் தண்ணீர் ஆயிற்று. வலப்பக்கம், இடப்பக்கம் ஆயிற்று. கடைசியாக ஊற்ற வேண்டியது சூடம் கரைத்த தண்ணீர். அந்த வாளியை இழுக்க சலேஹா குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் முக்காலியில் அப்படியே உட்கார்ந்தாள்.

நோர்மா நிமிர்ந்து பார்த்தாள். சலேஹா தலையை மட்டும் ஆட்டினாள். உட்கார்ந்தபடியே சூடத் தண்ணீரை மொண்டு, மெதுவாக, தலையிலிருந்து பாதம்வரை மூன்று தடவை ஊற்றினாள். எட்டாத இடத்துக்குக் குவளையை நோர்மாவிடம் கொடுத்தாள். துடைத்தார்கள். கஃபன் துணி சுற்றி முடிச்சுப் போட்டார்கள். மகள்கள் வந்து கடைசியாக முகம் பார்த்து அழுதார்கள். அதுவரை சலேஹா அந்த முக்காலியைவிட்டு அசையவில்லை. குளிப்பாட்டிய களைப்பு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

திரைக்குள் இருவர் மட்டும் ஆனபிறகு சலேஹா சொன்னாள்.

"லாத்தா, ஒண்ணு சொல்றேன், சத்தம் போடாதீங்க. எனக்கு இடுப்புக்குக் கீழ காணோம்."

"என்னடி சொல்றே?"

"கால் ரெண்டும் எங்க இருக்குன்னு தெரியல. கிள்ளிப் பார்த்தேன். வேற யாரோட காலயோ கிள்ளுற மாதிரி இருக்கு."

நோர்மா குனிந்து அவள் முழங்காலுக்குக் கீழே நகத்தால் அழுத்தினாள். "தெரியுதா?"

"இல்ல."

"யா அல்லாஹ். இரு, இந்த வீட்டு மகனுங்களக் கூப்பிடுறேன், தூக்கச் சொல்லுவோம்."

"வேணாம் லாத்தா. மௌத்து வீட்டுல இன்னொரு பயத்தக் கெளப்ப வேணாம். ஜனாஸா போகட்டும். அவங்க அழுது முடிக்கட்டும்."

ஒன்றேகால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போன பிறகுதான் நோர்மா சலேஹாவின் கணவர் யூசுப்புக்குப் போன் செய்தாள்.

யூசுப் அப்போது கடையில் இருந்தார். பேராக் ரோட்டோரம், மரத்தடியில் தள்ளுவண்டியை நிறுத்தி இருபத்தெட்டு வருஷமாக மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருக்கிறவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் கூட்டம் நெருக்கும். இரும்புச் சட்டியில் கணவாய் சம்பல் எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் மீயும் அவித்த உருளைக்கிழங்கும் தவுகே என்கிற முளைப்பயறும் சட்டியில் விழுந்து புகைந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கேட்டார். அகப்பையைக் கீழே வைத்தார். கேஸை மூடினார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "இன்னிக்கு இவ்வளவுதான், மன்னிச்சுக்குங்க" என்றார். சட்டியிலிருந்த மீ அப்படியே கிடந்தது.

நான்கு வருஷத்துக்கு முன் சலேஹாவுக்கு இடது மார்பை எடுத்திருந்தார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, முளைத்தது. எல்லாம் முடிந்தது என்றே வீட்டில் இருந்தார்கள். இந்த மூன்று மாதமாக முதுகு வலி. நடு முதுகில், பட்டை போட்டு இறுக்குவதுபோல. வாயு என்று அவளே சொன்னாள். யூசுப் தினமும் கடை மூடி வந்ததும் தைலம் சுடவைத்து அவள் முதுகில் கட்டைவிரலால் நீவிவிடுவார். அழுத்தினால் கொஞ்சம் இதமாக இருக்கிறது என்பாள். ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது யூசுப் தன் கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலமே ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். ஊசி போட்டார்கள். சிறுநீர் தானாகப் போகவில்லை, குழாய் வைத்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு டாக்டர் வந்தார். நூர் ஃபாத்திஹா என்று பேர். முதுகெலும்பு அறுவை செய்கிறவர். யூசுப் முதலில் அவரை மருந்து கொடுக்க வந்த பெண் என்றே நினைத்தார். தன் மகள் ஐனாவைவிடக் குட்டையாக, ஒடிசலாக இருந்தார். முதுகில் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒரு பை.

கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் படம் வரைந்தபடி, மாக்சிக், பாக்சிக் என்று அத்தை மாமா முறை வைத்து மலாயில் நிதானமாகச் சொன்னார்.

"மாக்சிக், உங்கள் பழைய நோய் எலும்புக்கு வந்திருக்கிறது. இதோ, நடு முதுகில் இந்த ஒரு எலும்பு நொறுங்கிவிட்டது. அங்கே வளர்ந்த கட்டி பின்பக்கம் நரம்பை நெரிக்கிறது. அதனால்தான் கால் வரவில்லை."

சலேஹா கேட்டாள், "ஆபரேஷன் செய்தால் அதை எடுத்துவிடலாமா?"

"நெரிக்கிற பகுதியை எடுக்கலாம். நோயை முழுதாக எடுக்க முடியாது. அது வேறு இடங்களிலும் இருக்கிறது. நான் செய்வது நரம்புக்கு இடம் விடுவது. பிறகு மேலே இரண்டு எலும்பு, கீழே இரண்டு எலும்பில் திருகாணி வைத்து, இரண்டு கம்பியால் பிணைத்துவிடுவேன். முதுகு உங்களைத் தாங்கும். வலி குறையும். புண் ஆறியபிறகு மீதிக் கட்டிக்குக் கதிர்வீச்சு, கரண்ட் வைப்பார்கள்."

"நடப்பேனா?"

"இடது காலில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. இன்றே செய்தால் நடக்க வாய்ப்பு உண்டு. உறுதி சொல்லமாட்டேன். நாளை மறுநாள் என்றால் அந்த வாய்ப்பும் குறைந்துபோகும்."

கட்டிலின் மறுபக்கம் நின்ற யூசுப் கேட்டார், "நோய் குணமாகுமா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடினார். "இல்லை பாக்சிக். குணமாகாது. மாதங்கள் இருக்கலாம், ஒரு வருஷம் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அந்த நாள்கள் எப்படி இருக்கும் என்பதைத்தான் என்னால் கொஞ்சம் மாற்ற முடியும். பதினொரு மணிக்குள் சொல்லுங்கள்."

காகிதத்தைப் போர்வைமேல் வைத்துவிட்டுப் போனார்.

யூசுப் கட்டிலைச் சுற்றி இருந்த திரையை இழுத்துவிட்டார்.

"வேணாம் சலேஹா."

அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு மாரை எடுக்கணும்னாங்க. எடுத்தா சரியாயிரும்னாங்க, சரின்னு விட்டோம். இப்ப அவங்களே சொல்றாங்க குணமாவாதுன்னு. முதுகைத் தொறந்து ஆணி அடிக்கணும்ங்கிறாங்க. தாங்குவியா நீ?"

"தெரியல."

"உள்ளயே போயிட்டேன்னா?"

"அதுவும் தெரியல."

"அப்புறம் என்னத்துக்கு? நீ படுத்தே இரு. கடைய மூடிடுறேன். வண்டியக் கேட்டு ரெண்டு பேரு அலையுறானுங்க, கொடுத்துட்டுப் போறேன். நான் ஊட்டி விடுறேன், கழுவி விடுறேன். எனக்கு ஒண்ணும் அருவருப்பு கெடையாது."

"உங்களுக்கு இல்லைங்க. எனக்கு இருக்கு."

யூசுப் கட்டிலைவிட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"கிட்ட வாங்க. உக்காருங்க." அவர் உட்கார்ந்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். "குளிப்பாட்டுறவ பார்த்தத வெளிய சொல்லக் கூடாது. அதான் இத்தன வருஷமா உங்ககிட்டகூட ஒரு வார்த்த சொன்னதில்ல. இப்பவும் பேரு சொல்ல மாட்டேன். எத்தன முதுகப் பார்த்திருக்கேன் தெரியுமா? படுத்தே கெடந்தவங்க முதுகு. எல்லாம் நல்லாப் பார்த்துக்கிட்ட வீடுதான். மக, மருமக, தங்கமான புள்ளைங்க. ராவும் பகலும் பொரட்டிப் போட்டுத்தான் பார்த்திருக்காங்க. அப்படியும் ஒருக்களிச்சு சாய்ச்சா படுக்கைப் புண்ணுக்குள்ள எலும்பு தெரியும். மௌத்தானவங்களுக்கும் நோவும், மெதுவா ஊத்தணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நான் அதுல தண்ணி ஊத்த முடியாம, கைய வச்சு மறச்சுக்கிட்டு, அந்தக் கைமேல ஊத்தியிருக்கேன்."

திரைக்கு வெளியே யாரோ மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"சாவுக்கு எனக்குப் பயமில்லைங்க. வாரத்துக்கு ஒரு தடவ அதத் தொட்டுட்டு வர்றவ நான். அதுக்கு முந்தி இருக்கிற நாளுக்குத்தான் பயம். அதுல பத்து நாள் நான் எந்திரிச்சு நிப்பேன்னா, அந்தப் பத்து நாள் எனக்கு வேணும்."

"பத்து நாளுக்கா இவ்வளவும்?"

"பத்து நாள்னா கொஞ்சமா?"

யூசுப் எழுந்தார். "ஐனா வரட்டும். நான் தொழுதுட்டு வர்றேன்" என்று போனார். கீழ்த்தளத்துத் தொழுகை அறையில் தொழுதுவிட்டு, செருப்பு வைக்கும் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது சலேஹா கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள்.

"சைன் பண்ணிட்டேன். கோவமா?"

"ஆமா" என்றார்.

"சரி. கோவத்தோடயே தண்ணி கொஞ்சம் வாயில தொட்டு வைங்க. குடிக்கக் கூடாதாம்."

அவர் பஞ்சை நனைத்து அவள் உதட்டைத் துடைத்தார்.

மதியம் ஒரு மணிக்கு நல்லமுத்து என்ற ஊழியர் கட்டிலைத் தள்ள வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், வலுத்த கை. "அக்கா, கண்ண மூடிக்குங்க. மேல லைட்டெல்லாம் வரிசையா ஓடும், தலை சுத்தும்" என்றார். லிஃப்டில் யூசுப்பின் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"எந்த டாக்டருண்ணே?"

"அந்தச் சின்னப் பொண்ணு."

"ஓ, அவங்களா. ஆளப் பார்த்து எடை போடாதீங்கண்ணே. நின்ன எடத்துல ஆறு மணி நேரம் நிப்பாங்க, தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க. இருபத்திரண்டு வருஷமா கட்டில் தள்ளுறேன், நிறையப் பேர பாத்துட்டேன்லா."

"உள்ள என்ன பண்ணுவாங்க?"

"நான் கதவு வரைக்கும்தாண்ணே. அதுக்கு மேல எனக்கும் தெரியாது."

கதவு வந்தது. சலேஹா கண்ணைத் திறந்து யூசுப்பைப் பார்த்து, "கடைச் சட்டியக் கழுவித் தொடைக்கலேன்னா துரு ஏறிரும். நோர்மா லாத்தாகிட்ட சொல்லுங்க" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. பாயான் லெப்பாஸில் காலை ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு, தொழிற்சாலைச் சட்டையோடு ஐனா நனைந்து வந்து சேர்ந்தாள். அங்கே பகலெல்லாம் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே முடியைவிட மெல்லிய கம்பிகளைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. டாக்டர் வரைந்த படத்தை வாங்கி மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"அத்தா, இந்த ஆணி போற எடத்துக்கும் நரம்புக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கும் தெரியுமா? ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான். போன்ல படிச்சேன்."

"படிக்காதே."

"நாங்க மெஷின் வச்சே தப்பு பண்றோம். இவங்க கையால பண்றாங்க, மூச்சு விடுற ஆளுமேல."

யூசுப் தன் கைகளை விரித்துப் பார்த்தார். சூடு பட்டுக் காய்த்துப்போன விரல்கள். ஒரு நாளைக்கு இருநூறு தட்டு பிரட்டினாலும் ஒரு தவுகே கூடக் கீழே சிந்தாது என்று அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதை நினைக்கவே இப்போது கூச்சமாக இருந்தது.

நோர்மா சோறு கட்டிக்கொண்டு வந்தாள். பருப்பும் பொரித்த கெம்போங் மீனும். ஐனா சாப்பிட்டாள். யூசுப் பிசைந்து பிசைந்து வைத்தார். நான்கு, ஐந்து, ஆறு என்று மணி போயிற்று. ஆறே முக்காலுக்குக் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் நூர் ஃபாத்திஹா வந்தார். முகத்தில் மாஸ்க் அழுந்திய தடம் சிவப்பாகக் கிடந்தது. கையில் ஒரு மைலோ டப்பா, உறிஞ்சுகுழல் செருகியிருந்தது, இன்னும் குடிக்கவில்லை. விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியவைபோலச் சுருங்கியிருந்தன.

"முடிந்தது. ரத்தம் நினைத்ததைவிட அதிகம் போயிற்று. ஏற்றியிருக்கிறோம். நன்றாகத் தாங்கினார்."

ஐனா படத்தை மடித்து வைத்தாள். யூசுப் ஓரடி முன்னால் வந்தார். "நரம்பு எப்படி இருந்தது?" என்றார்.

"முதலில் அசைவே இல்லை. நசுங்கிப்போய்க் கிடந்தது. பின்பக்க எலும்பை எடுத்து, சுற்றியிருந்த கட்டியை வழித்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். பிறகு துடிக்க ஆரம்பித்தது, பாக்சிக். நெஞ்சுத் துடிப்போடு சேர்ந்து, மெல்ல."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தாலும்..." டாக்டர் மைலோவை ஒரு வாய் உறிஞ்சினார். "கால் வருமா என்று இன்று கேட்காதீர்கள். நாளைக்குப் பார்ப்போம்."

அவர் போனபிறகும் யூசுப் நின்ற இடத்திலேயே நின்றார். முப்பது வருஷம் கூடப் படுத்து எழுந்த மனைவியின் உடம்புக்குள், அவர் ஒருநாளும் காணாத, காணவே முடியாத ஓர் இடத்தை அந்தச் சின்னப் பெண் பார்த்துவிட்டு வந்து நின்றிருக்கிறாள். அங்கே ஏதோ துடித்திருக்கிறது. "சுப்ஹானல்லாஹ்" என்றார், தனக்கே கேட்காத குரலில்.

மறுநாள் ஞாயிறு. காலை ஒன்பதரைக்கு டாக்டர் வந்து போர்வையைக் கணுக்காலுக்கு மேலே விலக்கினார்.

"மாக்சிக், இடது கால் பெருவிரல். அசையுங்கள்."

சலேஹா கண்ணை இறுக்கி மூடினாள். நெற்றி நரம்பு புடைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஐனா அத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த விரல் ஓர் அரிசி அளவுக்கு மேலே போய்க் கீழே வந்தது.

யூசுப் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக் குனிந்தார். "இன்னொரு தடவ."

விரல் மறுபடி எழுந்தது.

"இன்னொரு தடவ, சலேஹா."

"என்ன, சர்க்கஸா காட்டுறேன்?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. நர்ஸ் சிரித்துவிட்டாள். யூசுப் சிரிக்கவில்லை. அந்த விரலில் மெஹந்தி வைத்து அழிந்த நகம், அதன்மேல் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. முப்பது வருஷத்தில் அவர் அந்த விரலை ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

ஆனால் அதன்பின் வந்த நாள்கள் சுலபமாக இல்லை. கட்டையைப் புரட்டுவதுபோல மூன்று பேர் சேர்ந்து அவளைப் புரட்டினார்கள். முதல் தடவை உட்காரவைத்தபோது கண் இருட்டிக்கொண்டு வாந்தி எடுத்தாள். முதுகுப் புண் எரிந்தது. நான்காம் நாள், பயிற்சி கொடுக்க வந்த பெண்ணைக் கண்டபடி ஏசிவிட்டு, அவள் போனதும் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"நீங்க சொன்னதக் கேட்டிருக்கலாம்."

அப்படி அவள் சொல்ல வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்னால் யூசுப் எதிர்பார்த்திருக்கலாம். இப்போது அது வேண்டியிருக்கவில்லை. அவர் குனிந்து அவளுடைய இடது பாதத்தை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"தள்ளு" என்றார்.

"என்னத்த?"

"என் கையத் தள்ளு. அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி."

அவள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு தள்ளினாள். அவர் கை பின்னால் போனது.

ஒரு வாரத்தில் வலது காலும் கொஞ்சம் அசைந்தது. பாதம் மட்டும் தொங்கியது, தரையைத் தேய்த்தது. பத்தாம் நாள் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல்வரை ஆறு அடி எடுத்து வைத்தாள். குழாயை எடுத்தார்கள். பதினேழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவர்கள் இருப்பது பழைய அடுக்குமாடி, எட்டாவது மாடி. லிஃப்ட் மூன்று மாடிக்கு ஒரு தடவைதான் நிற்கும். ஒன்பதில் இறங்கி, பதினாறு படி கீழே இறங்கி வர வேண்டும். யூசுப் இதை நினைத்து நினைத்து ஒரு வாரமாகத் தூங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆ செங் தன் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் மாடிக்கே வந்துவிட்டார். எதிர்வீட்டு மலாய்ப் பையன்கள் இரண்டு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள்.

சலேஹா லிஃப்டைவிட்டு வெளியே வந்து நாற்காலியைப் பார்த்தாள்.

"தேங்க்யூ ஆ செங். அதக் கீழ கொண்டு போய் என் வீட்டு வாசல்ல போடுங்க. அங்க வந்து உக்காந்துக்கிறேன்" என்று மலாயில் சொன்னாள்.

"அம்மா, வேணாம்மா" என்றாள் ஐனா.

"ஆஸ்பத்திரில நாலு படி ஏறி எறங்கினேன்ல. இது அது மாதிரி நாலு தடவ. கெட்ட காலு முதல்ல எறங்கணும், நல்ல காலு பின்னாடி. அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்தது இதுக்குத்தான்."

வலது கையால் கம்பியைப் பிடித்தாள். இடது கையை யூசுப் தோளில் வைத்தாள். அவர் ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி, முதுகு காட்டாமல் பின்னோக்கி இறங்கினார். வலது கால் இறங்கியது. பாதம் படியைத் தேடியது. "கீழ இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு" என்றார். தரை எங்கே என்று அந்தப் பாதத்துக்குத் தெரியவில்லை. அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டது. பிறகு இடது கால்.

ஒவ்வொரு படிக்கும் கேட்டாள். ஒவ்வொரு படிக்கும் அவர் சொன்னார். எட்டாம் படித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். அதற்குள் கீழ்த் தாழ்வாரத்தில் கதவுகள் திறந்து ஆள்கள் வந்துவிட்டார்கள். கையில் கரண்டியோடு ஒருத்தி, குளித்துத் துண்டு கட்டியபடி ஒருவர், ஆ செங்கின் மனைவி, இடுப்பில் பேத்தியோடு. எங்கோ ஒரு வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அதை யாரோ நிறுத்தினார்கள். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. கடைசிப் படியில் இடது கால் வந்து சேர்ந்தபோது ஆ செங் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு பத்து நாள் கரண்ட் வைத்தார்கள். டிசம்பரில் வலி மாத்திரை பாதியாகக் குறைந்தது. ஜனாஸா குளிப்பாட்ட அவளால் முடியவில்லை, குனிய முடியாது. நோர்மாவோடு போய் நாற்காலியில் உட்கார்ந்து கஃபன் துணி அளந்து வெட்டிக் கொடுப்பாள். கடைக்கு வாரத்தில் மூன்று நாள் வந்தாள். வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தவுகேயின் வாலைக் கிள்ளுவாள், உருளைக்கிழங்குத் தோலை உரிப்பாள், தெரிந்தவர்கள் வந்தால் எழுந்து நின்று பேசுவாள். உட்கார்ந்தே பேசலாம் என்று யாராவது சொன்னால் கேட்க மாட்டாள். நடைச்சட்டம் போய்க் கைத்தடி வந்தது. அவளாகவே குளித்தாள். கதவை உள்ளே தாழிட வேண்டாம் என்று யூசுப் சொல்லியும் தாழிட்டுக்கொண்டு குளித்தாள். வெளியே அவர் நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் கொஞ்சம் நின்றால், "சலேஹா" என்பார். "இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

பிப்ரவரியில் மறு ஸ்கேன். டாக்டர் நூர் ஃபாத்திஹா படத்தை விளக்குப் பலகையில் காட்டினார். முதுகுத் தண்டின் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று திருகாணிகள், அவற்றைக் கோத்த இரண்டு கம்பிகள். வைத்தது வைத்தபடி இருக்கிறது என்றார். பிறகு இன்னொரு படத்தை எடுத்தார். ஈரலில் புள்ளிகள் வந்திருந்தன. அதற்கும் மருந்து இருக்கிறது, ஆனால் பெரிதாக நம்பிக்கை கொடுக்க மாட்டேன் என்றார்.

சலேஹாவுக்கு அதற்கப்புறம் கிடைத்தது நான்கு மாதம். அதிலும் கடைசிப் பதினொரு நாள்தான் படுக்கை. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. இருவரும் எக்ஸ்ரே அறைக்கு வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்போது நல்லமுத்து ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, காலில் ஆஸ்பத்திரிப் போர்வை. கூடவே அவள் கணவன், துறைமுகத்துச் சட்டையோடு.

"அக்கா," என்று நல்லமுத்து நின்றுவிட்டார். "நல்லா இருக்கீங்களா? அம்மா, சொன்னேன்ல, இந்த அக்காதான். இவங்களுக்குத்தான் அந்த ஆபரேஷன் செஞ்சாங்க. நான்தான் தள்ளிட்டுப் போனேன்."

அந்த மனிதர் தயங்கிப் பேசினார். "என் பேரு சுப்பையாங்க. பட்டர்வொர்த்துல போர்க்லிப்ட் ஓட்டுறேன். இவ வடிவம்மாள். நேத்து காலையில கால் ரெண்டும் விழுந்துருச்சு. இன்னிக்குள்ள பதில் சொல்லணும்ங்கிறாங்க. ஒண்ணும் புரியலண்ணே."

யூசுப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் கேட்டது இன்னும் காதிலேயே இருந்தது.

வடிவம்மாள் சலேஹாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையிலிருந்து கால்வரை, திரும்பவும் மேலே. "நல்லாயிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள்.

யூசுப் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், இரண்டு பேருக்கும் ஆறுதல் என்று அவருக்குத் தோன்றியது.

"இல்லம்மா," என்றாள் சலேஹா. "இப்பத்தான் சொன்னாங்க. ஈரலுக்கும் போயிருச்சாம்."

சுப்பையா தரையைப் பார்த்தார். வடிவம்மாளின் கண் நிறைந்தது. "அப்ப எதுக்குக்கா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

சலேஹா கைத்தடியை யூசுப்பிடம் கொடுத்தாள். பெஞ்சின் விளிம்பை ஒரு கையால் அழுத்தி, எழுந்து நின்றாள். சக்கர நாற்காலிக்குப் பின்னால் போய், "விடுங்க தம்பி" என்று நல்லமுத்துவின் கையை நகர்த்திவிட்டு, கைப்பிடிகளை அவளே பிடித்தாள்.

"அக்கா, கனம்" என்றார் நல்லமுத்து.

"இது உருளுற கனம்தானே" என்றாள். "வாம்மா, நாம பொம்பளைங்க துணி மாத்துற ரூமுக்குப் போவோம். உனக்குக் காட்டுறேன்."

தள்ளினாள். இடது கால் எட்டு வைத்தது. வலது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. மூன்று ஆண்களும் நின்ற இடத்தில் நின்றார்கள். பளபளத்த அந்த நீளத் தாழ்வாரத்தில் அவள் வடிவம்மாளைத் தள்ளிக்கொண்டு போனாள். எதிரே வந்த ஒரு டிராலிக்காரன் ஒதுங்கி வழி விட்டான். யூசுப்பின் கையில் கைத்தடி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அறைக்குள் சலேஹா திரையை இழுத்துவிட்டு, சுவரில் ஒரு கை ஊன்றிக்கொண்டு, பாஜு சட்டையின் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள். நடு முதுகில் ஒரு சாண் நீளத்துக்கு நேர்க்கோடாகத் தழும்பு ஓடியது. மற்ற இடமெல்லாம் புண் ஏதுமில்லாத சாதாரண முதுகாகவே இருந்தது.

"தொட்டுப் பாரு" என்றாள்.

வடிவம்மாள் நாற்காலியில் முன்னால் சாய்ந்து கையை நீட்டினாள். விரலைத் தழும்பின் கீழ்நுனியில் வைத்து, மேலே, மெதுவாக, எட்டுகிற தூரம்வரை ஓட்டினாள்.

"வலிச்சுதாக்கா?"

"வலிச்சுது. ரெண்டு வாரம் அல்லாஹ்வையே திட்டினேன். பொய் சொல்ல மாட்டேன்."

"உள்ள இரும்பு இருக்கிறது தெரியுமா?"

சலேஹா சட்டையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"குனியப் போறப்ப தெரியும்," என்றாள். "மத்த நேரம் மறந்துருது."